கலைப் பட்டமா, வணிக நிர்வாகப் பட்டமா?

வைகாசி பிறந்ததும் நமது சங்கங்களின் அங்கத்தினர் பலருடைய இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. மேல்நிலைத் தேர்வில் தேறிய மகனையோ மகளையோ எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்பதே அது. பொறியியலும் மருத்துவமும் கிட்டாத, அல்லது விரும்பாத, பிள்ளைகளுக்கு முன்னே பெரும்பாலும் இரண்டு வழிகள் உள்ளன. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் முதலிய பாடங்களில் பெறும் பி.ஏ. பட்டம் ஒன்று. வணிக நிர்வாகத்தைக் கற்பிக்கும் பி.பி.ஏ. பட்டம் மற்றொன்று. "பி.ஏ. படித்து என்ன பயன்?" என்று கேட்போரும், "நிர்வாகம் படித்தால் உடனே சம்பளம்" என்று நம்புவோரும் நம்மிடையே உண்டு. இவ்விரு கூற்றுகளும் ஆராயாமற் கூறப்படுவனவே.

ஆராய வேண்டிய அவசியம் நமக்கு மிகுதி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளின் கரிசற் புஞ்சைகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியவை. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் மிளகாயும் தை முதல் பங்குனிக்குள் வீடு வந்து சேர்ந்தால் அதுவே ஆண்டு வருமானம். கல்லூரிக் கட்டணம் கேட்கப்படும் ஆனி மாதத்திலோ கையில் ரொக்கம் குறைந்து, அடுத்த விதைப்புச் செலவு கண்முன் நிற்கும். அவ்வேளையில் நகையை அடகு வைத்தே பலர் கட்டணம் செலுத்துகின்றனர். மூன்றாண்டுப் படிப்பென்பது மூன்று வெள்ளாமையின் கணக்காகும். தறியை நம்பிய குடும்பத்துக்கும் நிலைமை இதுவே.

இரு படிப்புகளும் கற்பிப்பவை யாவை?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பட்டப்படிப்பின் முதற்பகுதி தமிழ். இரண்டாம் பகுதி ஆங்கிலம். இவை பி.ஏ. மாணவர்க்கும் பி.பி.ஏ. மாணவர்க்கும் பொது. மூன்றாம் பகுதியாகிய முதன்மைப் பாடத்திலேதான் வழிகள் பிரிகின்றன.

பி.ஏ. வகுப்பில் மாணவர் ஒரு துறையை ஆழ்ந்து பயில்கின்றார். வரலாறு பயில்பவர் ஒரு செய்திக்குச் சான்று யாது, அச்சான்று நம்பத்தக்கதா என்று வினவக் கற்கின்றார். இலக்கியம் பயில்பவர் ஒரு வாசகத்தின் பொருளைத் துல்லியமாக உணரவும், தம் கருத்தைப் பிழையற எழுதவும் பழகுகின்றார். பொருளியல் பயில்பவர் விலை, கூலி, வட்டி ஆகியவை எவ்வாறு ஏறி இறங்குகின்றன என்பதை ஆராய்கின்றார். இப்பயிற்சிகள் குறிப்பிட்ட ஒரு வேலைக்கென அமைந்தவையல்ல.

பி.பி.ஏ. வகுப்பில் கணக்குப்பதிவியல், புள்ளியியல், விற்பனை, பணியாளர் நிர்வாகம், வணிகச் சட்டம் எனப் பல பாடங்கள் அளவாகக் கற்பிக்கப்படுகின்றன. ஒரு நிறுவனத்தை நடத்துவதற்கு வேண்டிய எல்லாத் துறைகளையும் மாணவர் ஓரளவு அறிகின்றார். பி.காம். படிப்பு இதற்கு அண்டை வீடு போன்றது. ஆயினும் கணக்கு, தணிக்கை, வரி ஆகியவற்றை அது மேலும் ஆழமாகக் கற்பிக்கின்றது.

இப்பாடங்கள் வாழ்க்கையில் எங்கே பயன்படுகின்றன என்பதை, நமது இரு தொழில்களிலிருந்தே இரண்டு உதாரணங்களால் விளக்குவோம்.

தறிக்காரர் கணக்கு

ஒரு சேலைக்கு நூல் 400 ரூபாய், கூலி 500 ரூபாய், சாயமும் இதர செலவும் 100 ரூபாய் என வைத்துக்கொள்வோம். அடக்கம் 1,000 ரூபாய். அதனைக் கடனுக்கு 1,050 ரூபாய்க்கு விற்றால் 50 ரூபாய் லாபம் என்று எழுதிவிடலாம். ஆனால் பணம் ஆறு மாதம் கழித்தே வருகின்றது. நூல் வாங்குவதற்குச் சங்கம் 12 சதவீத வட்டியில் கடன் பெற்றிருந்தால், ஆயிரம் ரூபாய்க்கு ஆறு மாத வட்டி 60 ரூபாய். எனவே அந்தச் சேலையால் சங்கத்துக்குப் பத்து ரூபாய் நஷ்டம். பேரேட்டில் லாபமாகத் தோன்றியது உண்மையில் நஷ்டமாகும். முடங்கிய முதலுக்கும் விலை உண்டு என்னும் இவ்வறிவை வணிகப் படிப்பு முறையாகக் கற்பிக்கின்றது. விற்பனை பெருகியும் சங்கம் நலிவது ஏன் என்று கேட்கும் அங்கத்தினர் பலருக்கு விடை இக்கணக்கில் உள்ளது.

விவசாயியின் விதி

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் தொடங்கப்பட்டது. இதில் இழப்பீடு கணக்கிடும் முறை பலருக்கும் விளங்குவதில்லை. தம் புஞ்சையில் விளைச்சல் குறைந்தால் தமக்கு இழப்பீடு வரும் என்று எண்ணுகின்றனர். விளைச்சல் இழப்பைப் பொறுத்தவரை விதி அவ்வாறன்று. அறிவிக்கை செய்யப்பட்ட பகுதி முழுவதிலும் பயிர் அறுவடைப் பரிசோதனை நடத்திக் கண்ட சராசரி மகசூலே கணக்கில் கொள்ளப்படும். கடந்த ஏழாண்டுகளில் சிறந்த ஐந்தாண்டு மகசூலை அடிப்படையாகக் கொண்டு ஓர் எல்லை மகசூல் வகுக்கப்படுகின்றது. சராசரி அவ்வெல்லைக்குக் கீழே சென்றால், குறைந்த விகிதத்துக்கேற்ப இழப்பீடு கிடைக்கும்.

ஏக்கருக்குக் காப்பீட்டுத் தொகை 15,000 ரூபாய், எல்லை மகசூல் 200 கிலோ, கண்ட மகசூல் 120 கிலோ என்று கொள்வோம். குறைவு 80 கிலோ. அது 200இல் ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே இழப்பீடு 6,000 ரூபாய். இந்தக் கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கே. கடினமானது அறிவிக்கையைப் படித்து உணர்வதாகும். எந்தப் பயிர், எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் பிரீமியம், அடங்கலில் எழுதிய சர்வே எண்ணும் விண்ணப்பத்தில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று வரிவரியாகப் பார்க்க வேண்டும். தவறு நேர்ந்தால், சான்றுகளை இணைத்து, உரிய அதிகாரிக்குத் தெளிவான மனு எழுத வேண்டும். இவ்வேலைக்கு வேண்டியவை நிதானமாகப் படித்தலும், சான்று தேடுதலும், பிழையற எழுதுதலும் ஆகும். நல்ல பி.ஏ. வகுப்பு மூன்றாண்டுகளும் புகட்டுவது இதையே.

ஆய்வின் பொருட்டு நாம் செல்லும் சங்கங்களில் இரு வகைக் குறைகளையும் கண்டிருக்கின்றோம். ஐந்தொகையைப் பைசா பிசகாமல் எழுதும் செயலாளர், தணிக்கைக் குறிப்புக்கு ஒரு பக்கத்தில் சமாதானம் எழுத இயலாமல் மாதக்கணக்கில் தாமதித்ததுண்டு. பேரவைக் கூட்டத்தில் அழகாகப் பேசி அனைவரையும் இசைவித்த தலைவர், வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நின்றதும் உண்டு. இரண்டாலும் நஷ்டமடைந்தவர்கள் அங்கத்தினர்களே.

நமது மண்ணின் சான்றுகள்

சொல்லறிவும் கணக்கறிவும் ஒருங்கே வேண்டும் என்பதற்கு நமது கரிசல் வட்டாரத்திலேயே பெரும் சான்று உண்டு. 1872இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞர். தமிழ்ப் புலமை மிக்கவர். பிற்காலத்தில் திருக்குறளுக்கு உரை எழுதியவர். தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்தவர். அவரே 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், மொத்தம் பத்து லட்சம் ரூபாய் மூலதனம் என்பது திட்டம். பங்குகளைச் சிறு தொகையாக வகுத்தது எளியவரும் சேர வழி செய்தது. ஊர் ஊராகச் சென்று மக்களைப் பங்குதாரராக்கியது அவருடைய சொல்வன்மை. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன.

எதிர்த்து நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. பெருமுதல் உடையவன் சிறிது காலம் நஷ்டத்தைத் தாங்குவான். சிறுமுதல் உடையவனால் அது இயலாது. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அன்னிய அரசின் அடக்குமுறையும் கட்டணப் போட்டியும் அதனை வீழ்த்தின. மக்களைத் திரட்டச் சொல்லறிவும், போட்டியின் தன்மையை எடைபோட வணிக அறிவும் ஒரு பொது முயற்சிக்கு எத்துணை இன்றியமையாதவை என்பதற்கு அவ்வரலாறு போதிய விளக்கமாகும்.

அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இக்குறியீட்டுக்கு விண்ணப்பிப்போர் பொருளின் வரலாறு, செய்முறை, மண்ணுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு ஆகியவற்றைச் சான்றுகளுடன் எழுதி நிறுவ வேண்டும். அது வரலாறு படித்தவர் செய்யும் வேலை. குறியீடு கிடைத்த பின்னர்த் தரம் காப்பதும், விலை வகுப்பதும், தொலைதூரச் சந்தைக்கு அனுப்புவதும் வணிகம் படித்தவர் செய்யும் வேலை. ஒன்றின்றி மற்றொன்று நிறைவு பெறாது.

பட்டத்தின் பெயரும் செய்யும் பணியும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் அங்கத்தினர்கள் அறிதல் நன்று. ஆனந்த் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியலும் கிண்டியில் இயந்திரப் பொறியியலும் பயின்றவர். நிர்வாகப் பட்டம் பெறாத அவரே கிராமப்புற உற்பத்தியாளர்களுக்குப் பயிற்சி பெற்ற நிர்வாகிகள் வேண்டுமென உணர்ந்து, 1979இல் ஆனந்தில் ஊரக மேலாண்மைக் கல்வி நிலையத்தை நிறுவினார். 2025இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அந்நிலையம் கூட்டுறவுக்கான பல்கலைக்கழகமாயிற்று. அமெரிக்காவிலும் வணிகக் கல்வியைப் பற்றி 1959இல் வெளிவந்த இரண்டு பெரும் ஆய்வுகள், அக்கல்வி மிகவும் குறுகிவிட்டதென்றும், வணிகம் படிப்போருக்கு மொழி, வரலாறு, கணிதம் போன்ற பொதுக்கல்வி மிகுதியாக வேண்டுமென்றும் கூறின.

எனினும் பெரியோர் சிலர் வாழ்க்கையைக் காட்டி, எதைப் படித்தாலும் ஒன்றே என்று முடிவு கட்டலாகாது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைக்கு எந்தப் பட்டம் எந்த வழியைத் திறக்கும், எதை அடைக்கும் என்பது முக்கியமே.

திறக்கும் வழிகள்

(1) அரசுப் பணி: தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 1 தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். நமது துறையின் துணைப்பதிவாளர் பதவியும் அத்தேர்வின் வழியே நிரப்பப்படுவது. ஆகவே இதற்கெனப் பி.பி.ஏ. தேட வேண்டியதில்லை. அரசியலமைப்பு, வரலாறு, பொருளியல் ஆகிய பாடங்கள் தேர்வில் வருவதால் அவற்றைப் பயின்ற பி.ஏ. மாணவருக்குச் சற்று வசதி உண்டு.

(2) ஆசிரியர் பணி: தமிழ், ஆங்கிலம், வரலாறு ஆகியவை பள்ளிப் பாடங்கள். அவற்றில் பட்டம் பெற்றவர் பி.எட். பயின்று, தகுதித் தேர்வில் தேறி, ஆசிரியராக முயலலாம். வணிக நிர்வாகம் பள்ளிப் பாடமன்று. ஆசிரியராக வேண்டும் என்னும் ஆசையுள்ள பிள்ளையைப் பி.பி.ஏ. வகுப்பில் சேர்ப்பது வழியை அடைப்பதாகும்.

(3) கணக்குத் துறை: பட்டயக் கணக்காளராக விரும்புவோருக்குப் பி.காம். நேர்வழி. ஆயினும் பிற பட்டதாரிகளுக்கும் கதவு மூடப்படவில்லை. வணிகவியல் பட்டதாரி 55 சதவீத மதிப்பெண்ணும், பிற பட்டதாரி 60 சதவீத மதிப்பெண்ணும் பெற்றிருந்தால் தொடக்கத் தேர்வின்றி இடைநிலைப் படிப்பில் சேரலாம்.

(4) கூட்டுறவுப் பணி: கூட்டுறவு நிறுவனங்களின் உதவியாளர் போன்ற பணிகளுக்குப் பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுகின்றது. பி.ஏ. பெற்றவர் மாநிலக் கூட்டுறவு ஒன்றியத்தின் மேலாண்மை நிலையங்களில் பட்டயப் பயிற்சி பெற்று இத்தகுதியை அடையலாம். கூட்டுறவைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பி.காம். போன்ற பட்டங்களுக்கு, உரிய பாடங்களைப் பயின்றிருந்தால், பயிற்சியில் விலக்கு அளிக்கப்படுவதுண்டு. அறிவிக்கையை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும்.

(5) மேற்படிப்பு: எம்.பி.ஏ. படிப்பிலும் மூன்றாண்டுச் சட்டப் படிப்பிலும் எந்தப் பட்டதாரியும் சேரலாம். இன்று பி.ஏ. படிப்பவர் நாளை நிர்வாகம் படிக்கலாம். ஆனால் பி.பி.ஏ. படித்தவர் பின்னர்த் தமிழிலோ வரலாற்றிலோ ஆசிரியராக முயன்றால், மீண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

(6) சொந்தத் தொழில்: வீட்டில் தறியோ கடையோ தீப்பெட்டித் தொழிலோ மிட்டாய்த் தொழிலோ காத்திருந்து, பிள்ளைக்கும் அதில் நாட்டமிருந்தால், பி.காம். அல்லது பி.பி.ஏ. உடனடிப் பயன் தரும். முதலாண்டு கற்ற கணக்கை அவ்வாண்டே கடையில் செய்து பார்க்கலாம்.

செலவைப் பற்றி

ஒரே கல்லூரியில் ஒரு வகுப்பு அரசு உதவி பெறுவதாகவும் மற்றொரு வகுப்பு சுயநிதிப் பிரிவாகவும் நடைபெறும். கட்டணம் இரண்டுக்கும் ஒன்றன்று. பழைய பி.ஏ. வகுப்புகள் பல உதவி பெறும் பிரிவில் உள்ளன. புதிதாகத் தொடங்கிய நிர்வாக வகுப்புகள் பெரும்பாலும் சுயநிதிப் பிரிவில் நடைபெறுகின்றன. விண்ணப்பம் வாங்குமுன் இதைக் கேட்டறிதல் அவசியம். 2024-25 கல்வியாண்டு முதல் பி.பி.ஏ. வகுப்பு நடத்தும் கல்லூரிகள் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் அனுமதி பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டுள்ளது. அவ்வனுமதி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

கோவில்பட்டியிலேயே 1966இல் தொடங்கிய கோ. வெங்கடசாமி நாயுடு கல்லூரி உட்படக் கலை, அறிவியல் கல்லூரிகள் உள்ளன. வீட்டிலிருந்து பேருந்தில் சென்று படிக்கும் பிள்ளைக்கு விடுதிச் செலவு மிச்சம். 'மேலாண்மை' என்னும் பெயரின் கவர்ச்சியால் தொலைவிலுள்ள ஊரில், விடுதியில் தங்கவைத்து, கடன் பட்டுப் படிக்க வைப்பதற்கு முன், அந்தப் பெயருக்காக எத்தனை ஆண்டு வட்டி கட்டப் போகின்றோம் என்று கணக்கிட வேண்டும். மேற்கண்ட சேலைக் கணக்கு இதற்கும் பொருந்தும்.

பெண் பிள்ளைகளின் விஷயத்தில் ஒரு சொல். மகனுக்கு நிர்வாகம், மகளுக்கு ஏதேனும் ஒரு பி.ஏ. என்று பாகுபடுத்தும் வழக்கம் இன்னும் நீங்கவில்லை. பல வீடுகளில் தறிக் கணக்கையும் பால் கணக்கையும் மகளிர் குழுக் கணக்கையும் எழுதி வருபவர் பெண்களே. கணக்கில் கூர்மையுள்ள மகளுக்கு வணிகப் படிப்பும், எழுத்தில் நாட்டமுள்ள மகனுக்குக் கலைப் படிப்பும் தருவதே முறை.

முடிவு செய்யும் முறை

இவற்றையெல்லாம் நோக்குமிடத்து நமது யோசனை இதுவாகும். ஆசிரியப் பணி, சட்டம், அரசுத் தேர்வு ஆகியவற்றில் உறுதியான நாட்டமுள்ள பிள்ளைக்குப் பி.ஏ. தகும். சொந்தத் தொழில் காத்திருக்கும் பிள்ளைக்கும், கணக்கில் விருப்பமுள்ள பிள்ளைக்கும் வணிகப் படிப்பு தகும். அதிலும் கட்டணம் ஒத்திருந்தால் பி.பி.ஏ.யை விடப் பி.காம். பலவிடங்களில் செல்லுபடியாகும். இன்னதென்று துணியாத பிள்ளைக்குப் பி.ஏ. பொருளியல் நடுவழியாக அமையும். அதில் எண்ணும் உண்டு, எழுத்தும் உண்டு. பிள்ளையின் விருப்பத்தைக் கேளாமல் எடுக்கும் எந்த முடிவும் இடையில் நின்றுபோகும் படிப்பாக முடியக்கூடும். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறில்லை.

எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், அதில் இல்லாத பாதியைப் பிள்ளை தானே தேடிக்கொள்ள வேண்டும். பி.ஏ. மாணவர் விடுமுறையில் நாளேடு, பேரேடு, ஐந்தொகை எழுதவும், கணினியில் கணக்கு வைக்கவும் கற்கட்டும். பி.பி.ஏ. மாணவர் நாள்தோறும் செய்தித்தாள் படித்து, தமிழில் ஒரு பக்கமும் ஆங்கிலத்தில் ஒரு பக்கமும் தாமே எழுதிப் பழகட்டும்.

இதில் சங்கங்களுக்கும் கடமை உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. நாடெங்கும் 63,000 சங்கங்கள் அப்போது அதன் இலக்காக இருந்தன. ஏடுகள் கணினிக்கு மாறும் இக்காலத்தில் கணக்கும் மொழியும் அறிந்த இளைஞர் ஒவ்வொரு சங்கத்துக்கும் தேவை. அங்கத்தினரின் கல்லூரிப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் அழைத்து, செயலாளரின் மேற்பார்வையில், துணைவிதிகளைப் படிக்கவும், அச்சிட்ட ஆண்டறிக்கையையும் ஐந்தொகையையும் புரிந்துகொள்ளவும், பேரவைக்கு வைக்கும் அறிக்கையை எளிய தமிழில் எழுதவும் பழக்கலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை. அடுத்த பேரவைக் கூட்டத்தில் அங்கத்தினர் எவரேனும் இதனை ஒரு தீர்மானமாகக் கொண்டுவருவாராயின், வரும் வைகாசிக்குள் அதனை நடைமுறைப்படுத்த நிர்வாகக் குழுவினருக்குப் போதிய அவகாசம் இருக்கும்.